பதினெட்டு முடிஞ்ச மறுநாள்

(குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில், பிற்காப்புப் பணியில் உள்ள அலுவலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்க போனைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. கடைசியா வந்த ஓடிபி எதுக்கு? பேங்க், கேஸ் புக்கிங், ரயில் டிக்கெட், ஏதோ ஒண்ணு. அது உங்க நம்பருக்கு வந்ததுல என்ன அதிசயம்னு கேப்பீங்க. எங்க இல்லத்துல வளர்ந்த ஒரு தம்பிக்கு அது வரல.

ஐடிஐ முடிச்ச பையன். 18 முடிஞ்சு வெளியே போனதும் ஒரு தொழிற்சாலையில வேலை கிடைச்சுது. சம்பளக் கணக்கு தொடங்கணும், ஆதார் ஓடிபி சொல்லுன்னாங்க. ஓடிபி போனது, அவன் சின்னப் பையனா இருந்தப்போ இல்லத்துல இருந்த ஒரு பணியாளரோட பழைய நம்பருக்கு. அந்த நம்பர் இப்போ பயன்பாட்டுலயே இல்ல. கணக்கு இல்லாததால முதல் மாதச் சம்பளம் நின்னுபோச்சு. ரூம் அட்வான்ஸுக்கு வழியில்லாம, மூணு வாரம் கூட வேலை பார்க்கிறவங்க அறையில மாறி மாறிப் படுத்திருக்கான். எங்ககிட்ட சொல்லக் கூச்சம். "வெளியே போயாச்சே சார், இனிமேல் எப்படிக் கேக்குறது?"ன்னான். அந்த நம்பரை முன்னாடியே மாத்த வெச்சிருக்கணும். தப்பு எங்க பக்கம்தான்.

வெளியே போன பிறகும் அவன் கேக்கலாம். சட்டமே அப்படித்தான் சொல்லுது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 46-ஆவது பிரிவு: 18 வயது நிறைவடைந்து இல்லத்தை விட்டு வெளியேறுபவர் சமூகத்தோடு இணைய நிதி உதவி வழங்கலாம். பிற்காப்பு 21 வயது வரை உண்டு. தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்துல, உரிய குழு ஒப்புதல் கொடுத்தா மாதம் 4,000 ரூபாய். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமா தங்குற குழு வீடு, தொழிற்பயிற்சிக் காலத்துல உதவித்தொகை, இதெல்லாம் விதிகள்ல இருக்கு. 4,000 ரூபாய் நகரத்துல எத்தனை நாளைக்கு வரும்னு உங்களுக்கே தெரியும். ஆனா முதல் சம்பளம் வர்ற வரைக்கும் சாப்பாட்டுக்கு ஆகும்.

இப்போ இல்லத்துல இருக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 17 வயசு ஆனதுமே இந்த வேலைகளை ஆரம்பிச்சுடுங்க. ஆதார் மையத்துக்கு நேர்ல போய் உங்க நம்பரை மாத்துங்க. ஆவணம் தேவையில்ல, கைரேகை போதும். முகவரிக்கு, அங்கீகரிக்கப்பட்ட இல்லத்தின் தலைவர் உரிய படிவத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். வாக்காளர் பட்டியலுக்கு 17 முடிஞ்சதுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். படிவம் 6-ல உறவினர் பெயர் கேக்குற இடத்துல, ஆதரவற்றோருக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலர் பெயரை எழுதவும் இடம் இருக்கு. கோடு போட்டுட்டு வராதீங்க.

சாதிச் சான்றிதழ் பத்திப் பல பேருக்குத் தெரியறதே இல்ல. 10 வயசுக்குள்ள பெற்றோரை இழந்து, கவனிக்க வேற யாரும் இல்லாம, அரசு நடத்துற அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள், நம்ம தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல தனியாவே இருக்காங்க. அப்பாவோட சான்றிதழ் எங்கேன்னு கேட்டா இதைச் சொல்லுங்க. இல்லத்துல சேர்த்த உத்தரவு நகலைக் கையில வெச்சுக்கோங்க, முடிஞ்சா டிஜிலாக்கர்லயும் ஏத்திடுங்க. கல்லூரிச் சேர்க்கை நேரத்துல தேடி அலையக் கூடாது.

சரி, மத்தவங்களுக்கு வரேன். உங்கள்ல பல பேர் வீட்டை வாடகைக்கு விடுறீங்க. "சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்?" இதுதானே முதல் கேள்வி? வழக்கமான விசாரிப்புதான், தப்பா நினைச்சுக் கேக்குறது இல்ல. ஆனா அந்தக் கேள்வியிலேயே இந்தப் பசங்க படி இறங்கிடுறாங்க. ஒரு பொண்ணு என்கிட்ட சொன்னா, "பொய் சொன்னா ரூம் கிடைக்குது, உண்மையைச் சொன்னா யோசிச்சுச் சொல்றோம்ங்கிறாங்க சார்." அவ நர்ஸிங் படிப்புல மூணாம் வருஷம். அட்வான்ஸைத் தவணையா வாங்கிக்கிறேன்னு ஒரு வீட்டுக்காரம்மா சம்மதிச்சாங்க. இப்போ சாயங்காலம் அந்தம்மாவுக்குப் பிரஷர் பார்க்கிறது இவதான்.

வேலை கொடுக்க முடிஞ்சவங்க, வாரம் ஒரு தடவை போன் பண்ணி "சாப்பிட்டியா, சம்பளம் வந்துச்சா"ன்னு கேக்க முடிஞ்சவங்க, உங்க மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல பேரைக் கொடுங்க. ஆன்லைன் படிவம் நிரப்பத் தெரிஞ்ச கல்லூரி மாணவரா இருந்தாலும் போதும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் வேண்டாம். பிறந்தநாள்னு இல்லத்துக்குக் கேக் கொண்டு வந்து, பிள்ளைங்களோட செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க. அடையாளத்தை வெளியிடுறது 74-ஆவது பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். அந்தப் படம், நாளைக்கு அவங்க வேலை கேட்டுப் போற இடத்துலயும் வந்து நிக்கும்.

அந்த ஐடிஐ தம்பி போன மாதம் கூப்பிட்டான். "சார், அவசரத் தொடர்பு எண்ணுன்னு கம்பெனியில கேக்குறாங்க. யார் பேரைப் போட?" என் பேரைப் போடச் சொன்னேன். இந்த வருஷம் அப்படிக் கேட்டவங்கள்ல அவன் நாலாவது ஆள். இந்தக் கூட்டம் முடிஞ்சதும் வாசல் பக்கத்து மேசையில எங்க அலுவலகத்தார் இருப்பாங்க. அங்கே ஒரு பதிவேடு வெச்சிருக்கோம்.