கருவி வந்தது; கல்வி வந்ததா?
(கல்விக் கழக வெள்ளி விழா அவையில் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் பாராட்டுரைகள் ஒலிப்பது மரபு. காலை முதல் அவை நிரம்ப ஒலித்துவிட்டன. நமக்கு ஒதுக்கப்பட்ட பொருளோ சற்றுக் கசப்பானது. விழா நிதியைக் கொண்டு நம் மாலைப் பள்ளிக்குத் தொடுதிரைப் பலகையும் கைக்கணினிகளும் வாங்கலாமா என்பது செயற்குழுவின் முன் நிற்கும் கேள்வி. அதற்கு விடை காணுமுன் வேறொரு கேள்விக்கு நாம் விடை கூறியாக வேண்டும். இத்தனை ஆண்டுகளாக நடத்திய வகுப்புகளால் நம் பிள்ளைகள் எவ்வளவு கற்றனர் என்று அளந்து பார்த்தோமா? இல்லை. வந்த பிள்ளைகளை எண்ணினோம், வழங்கிய குறிப்பேடுகளை எண்ணினோம், கற்றதை எண்ணவில்லை.

அளவையைப் பற்றி நெய்வேலியில் வாழ்வோர்க்கு வெளியூரார் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பண்டித நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அதனைத் தோண்ட ஜெர்மனியிலிருந்து வந்தவையே நாம் பக்கெட் வீல் என்றழைக்கும் மாபெரும் சக்கர இயந்திரங்கள். அந்நாட்டு மென்மண்ணுக்கென வடிக்கப்பட்ட அவற்றின் பற்கள் நம் கடலூர் மணற்கல்லில் பட்டு விரைந்து தேய்ந்தன. உலகமே வியந்த கருவி நம் மண்ணில் திணறியது. பொறியாளரும் தொழிலாளரும் என்ன செய்தனர்? இயந்திரத்திற்கு மாலை சூட்டி நிறுத்தி வைக்கவில்லை. பற்களை நம் மண்ணுக்கேற்ப மாற்றினர். வெடிவைத்து இறுகிய அடுக்கைத் தளர்த்திய பின்னரே சக்கரத்தை ஓட்டினர். ஷிப்டுதோறும் எவ்வளவு மேல்மண் அள்ளப்பட்டது என்பதற்குக் கணக்கு உண்டு. இயந்திரம் வந்துவிட்டது என்பது சுரங்கத்தில் ஒரு நாள் செய்தி. நிலக்கரி வந்ததா என்பதே நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி.

பள்ளியில் மட்டும் இவ்வழக்கம் தலைகீழாக நிற்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. நம் தெருக்களில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுவே. அதன் பெருமையை நாம் குறைத்துரைக்க மாட்டோம். வசதி படைத்தோர் வீட்டு மேசைமேல் மட்டும் இருந்த பொருள் நம் குடிசைக்குள்ளும் வந்தது சிறிய செயலன்று. ஆயினும் எத்தனை இலட்சம் கணினி வழங்கப்பட்டது என்பதை நாடறிந்த அளவுக்கு, அவற்றால் எத்தனை பிள்ளைகள் எதைக் கற்றனர் என்பதை நாடறிந்ததாகச் சொல்ல இயலாது.

அரசைச் சுட்டும் விரலை நம் பக்கமும் திருப்புவோம். அன்பர் ஒருவர் அளித்த பழைய கணினிகள் நம் படிப்பகத்தில் இருந்தன. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று துணி போர்த்தி வைத்தோம். அறைச் சாவி பொறுப்பாளரிடம். பொறுப்பாளரோ இரவு ஷிப்டில். அவ்வாண்டு அறிக்கையில் "கணினிக் கல்வி வழங்கப்பட்டது" என்று எழுதியதும் நாமே. அந்த வரியைப் படிக்கும்போது இன்றும் நாணுகிறோம்.

இது நம் ஊர்க் குறை மட்டுமன்று. தென்னமெரிக்காவில் பெரு என்னும் நாடு, பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தை மிகப் பெரிய அளவில் ஏற்றது. நாட்டுப்புறப் பள்ளிகள் 319இல் ஆய்வு செய்தனர். கணினி பெற்ற பள்ளிகளிலும் பெறாத பள்ளிகளிலும் கணக்கு, மொழித் தேர்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை. கணினியை இயக்கும் பழக்கம் வந்தது, பாடம் வரவில்லை.

அப்படியாயின் கருவியே வேண்டாமா? அவ்வாறு முடிவு கட்டுவதும் பிழை. டெல்லியில் 2015ஆம் ஆண்டு நடந்த ஓர் ஆய்வைக் கேளுங்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகிய அறிஞர்கள் அதனை நடத்தினர். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலர்க்குக் குலுக்கல் முறையில் மாலை மையத்தில் இடம் கிடைத்தது. ஆறாம் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கி இருந்தது முதலில் தெரிய வந்தது. ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார். பிள்ளையோ மூன்றாம் வகுப்புக் கழித்தலில் தடுமாறுகிறது. அம்மையத்துக் கணினி, ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் படியைக் கண்டறிந்து அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கியது. உடன் சிறு குழுக்களுக்குப் பாடம் சொல்ல ஆளும் இருந்தார். நாலரை மாதத்தில், இடம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் கணக்கிலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறினர்.

பெருவில் இருந்ததும் கணினி. டெல்லியில் இருந்ததும் கணினி. பிள்ளை எங்கே நிற்கிறது என்று கேட்டறிந்தது டெல்லிக் கணினி ஒன்றே.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் சென்றது. 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அரும்பணி ஆற்றியது, மறுப்பதற்கில்லை. ஆனால் நம் தெருவில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அது ஒப்பந்த வேலைக்குச் செல்லும் தகப்பனாரின் சட்டைப் பையில் சுரங்கத்திற்குச் சென்றுவிடும். மாலையில் திரும்பினால் முதலில் அண்ணன் கையில். தங்கை முறை வருவதற்குள் மின்னேற்றமும் தீர்ந்துவிடும். இங்கு பிறந்த மின்சாரம் தென்மாநிலங்களுக்கெல்லாம் சென்ற காலத்தில் சுரங்க வேலியோரம் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த மூத்தோர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அந்த இழப்பு எவ்வளவு? தமிழக ஊரகங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஆராய்ந்தனர். 2019இல் அதே ஊர்களில் அதே வயதுப் பிள்ளைகள் பெற்றிருந்த தேர்ச்சியோடு 2021 டிசம்பர் நிலையை ஒப்பிட்டனர். கணக்கில் பெரும் பின்னடைவு. மொழியில் ஏறத்தாழ அதிற்பாதி. வறிய வீட்டுப் பிள்ளைகளே மிகுதியாக இழந்திருந்தனர். எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அடுத்து வந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது என்று கணித்தனர். மிகுதியாக இழந்த எளிய பிள்ளைகளே மிகுதியாக மீண்டனர். அவர்களே அவ்வகுப்புகளுக்கு மிகுதியாகச் சென்றதும் அதற்கு ஒரு காரணமாகலாம் என்றனர்.

2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் இருந்தது என்ன? அவ்வூரிலேயே வாழும் ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் ஒரு பெண். ஒரு திண்ணை அல்லது சமுதாயக் கூடம். நாளுக்கு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். திரைப் பலகை இல்லை. நம் தெருச் சகோதரிகள் சிலரும் அப்பணி செய்தனர். அவர்கட்கு இவ்விழாவில் ஒரு பொன்னாடை போர்த்தத் தவறிவிட்டோமே என்பது நம் மனக்குறை.

அளத்தல் என்றதும் நம் மக்கள் நெஞ்சில் ஓர் அச்சம் எழுவது இயல்பு. தேர்வு என்பது நம்மை வெளியே தள்ளும் கதவாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. "உன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று கூறி ஐந்தாம் வகுப்போடு ஆடு மேய்க்க அனுப்பிய கதைகள் நம் வீடுதோறும் உண்டு. அத்தகைய வாயில்கள் நமக்கு அடைபட்டிருந்த காலத்தில்தான் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஆதலின் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். நாம் வேண்டுவது பிள்ளையை எடைபோடும் தேர்வன்று. கழகத்தை எடைபோடும் தேர்வு. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயலவில்லையெனில், தோற்றவள் அவளல்லள். மூன்றாண்டுகள் மாலைதோறும் அவளை அமர்த்தி வைத்திருந்த நாம்.

கருவி விற்க வந்த அன்பர்கள் அழகிய படங்களைக் காட்டினர். அவர்களிடம் ஒன்றே கேட்டோம்: இதனைக் கொண்டு நம் போன்ற பிள்ளைகள் கற்றதை யார், எங்கே, எதனோடு ஒப்பிட்டு அளந்தனர்? பழுதானால் யார் வருவார் என்றும் கேட்டோம். இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. நகரியத்தின் வசதி மிக்க பள்ளி ஒன்றில் அப்பலகை இருப்பதால் நமக்கும் வேண்டும் என்று இளைஞர் சிலர் வாதிட்டனர். அவர்தம் தன்மான உணர்வை மதிக்கிறோம். இரண்டாந்தரப் பொருளே நமக்கு என்ற நிலையை நாம் என்றும் ஏற்கப் போவதில்லை. ஆனால் பலகையின் விலையில் நம் தெருப் பட்டதாரிப் பெண்கள் இருவர்க்கு ஓராண்டு ஊதியம் தர இயலுமா என்று கணக்கிட்டுப் பார்த்த பின் அவ்வாதம் தொடரட்டும்.

செயற்குழுவின் முன் வைக்கும் கருத்து இதுவே. நிதியில் பாதியை வங்கியில் வைப்போம். பிரதம் அமைப்பு 2005 முதல் ஏசர் என்னும் பெயரில் வீடு வீடாகச் சென்று நடத்திவரும் ஆய்வின் முறை மிக எளிது: ஒரு பத்தி வாசித்தல், ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். அதனை நம் பிள்ளைகள் அனைவர்க்கும் வைப்போம். படிப்பகத்திற்கு வாராத பிள்ளைகளையும் விடாது. ஒரு தெருப் பிள்ளைகளை மற்றொரு தெரு இளைஞர் சோதிக்கட்டும். தன் தங்கைக்குத் தானே மதிப்பெண் இடும் வேலை வேண்டாம். பெண்பிள்ளைகள் கணக்கைத் தனியே எடுப்போம். எவர் பெயரையும் சுவரில் ஒட்டக் கூடாது. வகுப்பெண்ணை மறந்து, பிள்ளை நிற்கும் படிக்கேற்பக் குழு பிரிப்போம். ஒரு குழுவிற்கு மட்டும் இரண்டு கைக்கணினி வாங்கிக் கொடுத்து, ஆறு மாதம் சென்றபின் எல்லோரையும் மீண்டும் அளப்போம். கணினிக் குழு முன்னேறியிருந்தால் எஞ்சிய பாதி நிதியும் அதற்கே. முதலில் கையுயர்த்துவதும் நாமாகவே இருப்போம்.

ஆய்வு வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, முதல் தெருவிலிருந்து தொடங்குகிறது. பதிவேடு வாங்கியாயிற்று, வாசிப்புத் தாள்களைக் கழகத்துச் சகோதரி ஒருவர் கையால் எழுதி முடித்துவிட்டார். இருபது இளைஞர் தேவை. இதுவரை பெயர் கொடுத்தோர் பதினொருவர். ஏனையோர் உணவு இடைவேளையில் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.