பூட்டன் பிறந்த ஊர்

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. காணி உள்ளவர்களுக்கு உறுதி உண்டு. காடு வெட்டி மலையைத் தோட்டமாக்கியவர்களுக்கு இருந்ததெல்லாம் செக்றோலில் ஒரு பெயரும் ஓர் இலக்கமும்தான்.

பொல்பிட்டியவில் வாழும் நான் என் பூட்டனாரின் வரலாற்றைத் தேடி வருகிறேன். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பகுதி இது. 1969இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்தால் இவ்வூரைப் பலர் அறிவார்கள். ஆற்றின் மூலத்தைக் காட்டுவது எளிது. மனிதரின் மூலந்தான் சிரமம்.

கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் மாண்டவர்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. 1869இல் கோப்பியை இலைநோய் பற்றியது. பிறகு தேயிலை வந்தது. 1884இல் ரயில் அட்டனை எட்டியது. எங்கள் வீட்டில் நடந்து வந்த கதை உண்டு, ரயிலேறிய கதை இல்லை. ஆகவே பூட்டனார் அதற்கு முந்தியவர் என்று கருத இடமுண்டு.

இந்தத் தேடலை எங்கள்மீது முதலில் சுமத்தியது சட்டம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனிடமே, 'உன் தந்தை இங்கே பிறந்தாரா? இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா?' என்று கேட்டது. லயத்துப் பிறப்புகள் பல பதியப்படவில்லை. பதிந்தவையும் ஆங்கில எழுத்தில் உருமாறிக் கிடந்தன. எங்கள் பாட்டனாருக்கு மூன்று காகிதங்களில் மூன்று பெயர்! 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. பெரியப்பா குடும்பம் கப்பலேறி நீலகிரிக்குப் போனது. அப்பா இங்கே நின்றார்.

காகிதம் கைவிட்ட இடத்தில் கைகொடுத்தது அப்பாயியின் ஒப்பாரி. இழவு வீடுகளில் தன் மாமனார் பிறந்த ஊரையும், கண்மாயையும், குலதெய்வத்தையும் வரிசை பிசகாமல் சொல்லி அழுவார். அதை நினைவிலிருந்து எழுதி நீலகிரிக்கு அனுப்பினேன். பெரியப்பா மகன் புதுக்கோட்டைப் பக்கம் போய் விசாரித்தார். அதே பெயரில் இரண்டு ஊர்கள். கண்மாய்க் கரையில் அந்தத் தெய்வம் நிற்பது ஒன்றில்தான்.

சட்டம் கேட்டது ஆண்வழியை. அதைக் காத்து வைத்திருந்தவரோ, வேறு குடும்பத்தில் பிறந்து மருமகளாய் வந்த, எழுத்தறியாத ஒரு பெண். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டியதை இலக்கியத் தொண்டு என்கிறோம். எங்களுக்கு அத்தகைய பாடல்கள் ஆவணமும் ஆகும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது. இப்போது எந்த அதிகாரிக்காகவும் நான் பூட்டனாரைத் தேட வேண்டியதில்லை. அதனால்தான் ஆறுதலாகத் தேட முடிகிறது.

நேயர்களே, உங்கள் வீட்டில் ஒப்பாரி தெரிந்த முதியவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஊர்ப் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.