படம் பிடிக்குமுன் கதையைப் பிடிப்போம்

(பதுளையில் தோட்டத்து இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



இன்றைக்கு லயத்துக்கு லயம் கையிலே போன் இருக்கிறது. திருவிழா, கல்யாணம், பாதை உடைஞ்சது எல்லாத்தையும் வீடியோ எடுக்கிறோம். பார்க்கிறவங்களோ அரை நிமிசத்தில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். படம் இருக்கிறது, கதைக்கு ஒழுங்கு இல்லை.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதா? மாசி மாதம் ஆடும் காமன் கூத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம். பிறகு சிவனின் தவத்தைக் கலைக்கச் சொல்லி ஓலை வருகிறது. போகாதே என்று ரதி தடுக்கிறாள். காமன் போகிறான், அம்பு விடுகிறான், எரிந்துபோகிறான். ரதி புலம்ப, கடைசியில் உயிர் பெறுகிறான். கல்யாணத்தைப் பார்த்ததனால்தான் ரதி அழும்போது நமக்கும் கண் கலங்குகிறது. எடுத்த எடுப்பில் காமனை எரித்துவிட்டால் யார் அழுவார்?

வீடியோவுக்கும் இதுதான் வழி. நான்கு கேள்வி கேளுங்கள். யாருடைய கதை? அவருக்கு என்ன வேணும்? எது தடுக்குது? முடிவில் என்ன ஆச்சு?

கொழுந்து எடுக்கும் ஒரு அக்காவை எடுப்போம். அவருக்கு முழுப்பேர் வேணும். மழை விடவில்லை, கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். காலையில் பிரட்டுக்களத்தில் தொடங்கி மாலையில் தராசு முள்ளில் முடியுங்கள். முள் நிற்கும்வரை ஒருவரும் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, எங்கே தொடங்குகிறோம் என்பது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. சேற்றைக் காட்டித் தொடங்கினால் மழையின் குற்றம் என்று ஆகிவிடும். ஆனால் அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேணும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2005இலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஒன்பது வருசமாக அந்தச் சனங்களுக்கு வேறு இடம் ஏன் கிடைக்கவில்லை என்று பார்க்கிறவரே கேட்பார். அதே சேறு, அதே அழுகை. எழும் கேள்வி வேறு.

2025 நவம்பரில் டித்வா புயலிலும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. சரிவுக்குக் கீழே இன்னும் நம் சனங்கள் படுத்துறங்குகிறார்கள். அழுகையோடு படத்தை நிறுத்தினால் இரக்கப்படுவார்கள், அவ்வளவுதான். முன்னே நடந்ததையும் இனி வேண்டியதையும் சேர்த்துச் சொன்னால் அது மனுவைப் போல வேலை செய்யும்.

உறவை இழந்தவரிடம் அனுமதி கேட்காமல் போனைத் தூக்காதீர்கள். ஒருவர் சொன்னதை வெட்டிப் பொருளை மாற்றாதீர்கள்.

எடுக்குமுன் கதையை நாலு வரியில் எழுதி வீட்டில் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். "அப்புறம் என்னாச்சு?" என்று அவர் கேட்டால், தைரியமாக எடுக்கலாம்.