கோப முகத்துக்கு ஐந்து மதிப்பெண்
(அறக்கட்டளையின் குடும்ப நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

"போனில் பார்த்ததை வைத்தா நான் ஓட்டுப் போடப் போகிறேன்?" என்று பலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

2010 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தல். பேஸ்புக் சுமார் 6 கோடிப் பேருக்கு "இன்று தேர்தல் நாள்" என்று நினைவூட்டி, வாக்களித்ததாகச் சொன்ன நண்பர்களின் படங்களையும் சேர்த்துக் காட்டியது. வேறு சுமார் 6 லட்சம் பேருக்குப் படம் இல்லாத வெறும் நினைவூட்டல். பிறகு வாக்காளர் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். வெறும் நினைவூட்டலால் பலன் இல்லை. தெரிந்தவர் முகம்தான் ஆட்களைச் சாவடிக்குக் கொண்டுபோனது. சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் வாக்குகள் கூடுதலாக விழுந்ததாக 2012-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

வாக்களிக்கச் சொன்னது நல்லதுதான். ஆனால் யாருக்கு எதைக் காட்டுவது என்பது அந்தக் கம்பெனியின் கையில் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதைத் தீர்மானிக்கும் கணக்குக்குப் பெயர்தான் அல்காரிதம். ஆட்கள் எதற்கு அதிகம் கைவைப்பார்களோ, அந்தப் பதிவை அது மேலே கொண்டுவரும். 2017-ல் பேஸ்புக், ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பெண் என்றால் கோப முகம் போன்ற எமோஜிகளுக்கு ஐந்து கொடுத்தது. நிதானமாகப் பேசுகிறவருக்கு லைக் விழும். கொளுத்திப் போடுகிறவருக்குக் கோப முகம் விழும். எண்ணிக்கையில் சிறிய சமூகங்களைப் பற்றிய வதந்திக்கு அது எவ்வளவு சீக்கிரம் விழும் என்று இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2018-ல் கமெண்டும் ஷேரும் குவியும் பதிவுகளுக்கு இன்னும் முன்னுரிமை தந்தார்கள். போலந்து நாட்டில் என்ன ஆனது தெரியுமா? அதுவரை பாதிக்குப் பாதி நல்லதும் குறையும் பேசிவந்த ஒரு கட்சியின் சமூக ஊடகக் குழு, இந்த மாற்றத்துக்குப் பிறகு தங்கள் பதிவுகளில் 80 சதவீதம் எதிர்மறையாகிவிட்டது என்றது. பேஸ்புக்கின் உள் அறிக்கையே 2019-ல் இதைப் பதிவு செய்தது. 2021-ல்தான் வெளியே வந்தது. வாக்காளர் மனம் மாறுவது இருக்கட்டும், கட்சி பேசும் பேச்சே மாறிப்போனது!

2020 செப்டம்பரில் கோப முகத்தின் மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்கினார்கள். பொய்ச் செய்தி குறைந்தது. மக்கள் பேஸ்புக் பார்ப்பது குறையவில்லை. அப்படியென்றால் அந்த மூன்று வருடம் எதற்காக?

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேஸ்புக் மெனுவில் 'ஃபீட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பதிவுகள் நேர வரிசையில் வரும். வாசலில் நம் பிள்ளைகள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர்கள் கூச்சப்படாமல் போனைக் காட்டி, அது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.