கணினியும் துடுப்பாட்டமும்



பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் செல்லும் பாதைகளிலே, மாலை வேளையில், தோட்டங்களின் ஊடாகப் பயணம் செய்வோர் ஒரு காட்சியைக் காணத் தவறார். லயத்து முன்றிலிலே, அன்றேல் பிரட்டுக்களத்திலே, சிறுவர் கூடித் துடுப்பாட்டம் ஆடிக்கொண்டிருப்பர். கிரிக்கெட் என்று நாம் வழங்குவதும் அதுவே. பலகைத் துண்டொன்று துடுப்பாகும். பழைய தகரமொன்று விக்கட்டாகும். ஒரு பக்கம் மண்மேடு. மறுபக்கம் தேயிலைச் சரிவு. பந்து சரிவிலே உருண்டுவிட்டால், அதைத் தேடி எடுக்கும்வரை ஆட்டம் நிற்கும்.

மழை வந்துவிட்டாலோ, அச்சிறுவர் உள்ளே சென்று வேறோர் ஆட்டத்தைத் தொடங்குவர். அதற்குப் பாடப்புத்தகம் ஒன்று போதும். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை விரிக்க வேண்டும். இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு என்றால் இரண்டு ஓட்டம். நான்கு என்றால் நான்கு. ஆறு என்றால் ஆறு. சுழியம் வந்தால் ஆட்டமிழப்பு. எட்டுக்கு மட்டும் ஊருக்கொரு விதி உண்டு. புத்தகக் கிரிக்கெட் எனப்படும் இவ்வாட்டத்தை ஆடாத பள்ளிப்பிள்ளை நம் நாட்டில் அரியர்.

இச்சிறு பொழுதுபோக்கை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக் கணினிகள் முதன்முதல் தோன்றிய காலத்திலே அவற்றிற்கென ஆக்கப்பட்ட துடுப்பாட்ட விளையாட்டுகள் இந்தப் புத்தகக் கிரிக்கெட்டின் தம்பிமாரே. இதனை விளங்கிக்கொண்டால், கணினி என்பது எட்டாத மாயப்பொருள் அன்று என்பதும் விளங்கிவிடும்.

1982ஆம் ஆண்டு நம் நாட்டுக்கு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. இரண்டே நாட்களில், பெப்ரவரி 17ஆம் நாள், கொழும்பு சரவணமுத்து மைதானத்திலே இலங்கை தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. இங்கிலாந்து ஏழு விக்கட்டுகளால் வென்றது. எனினும், பதினெட்டு வயதே நிரம்பிய அர்ஜுன ரணதுங்க 54 ஓட்டங்கள் பெற்று, டெஸ்ட் ஆட்டத்தில் இலங்கையின் முதல் அரைச்சதத்தை ஈட்டினார். ஏப்ரல் 23ஆம் நாள், இங்கிலாந்திலே 'சின்கிளேர் ஸ்பெக்ட்ரம்' என்னும் சிறு கணினி வெளிவந்தது. அதன் விலை 125 பவுண் முதலாக இருந்தது.

அந்த முதலாவது டெஸ்ட்டிலே இங்கிலாந்து அணியில் ஆடிய இருவர் இயன் பொத்தமும் கிரஹம் கூச்சும் ஆவர். 1985ஆம் ஆண்டில் இவ்விருவரின் பெயரையும் தாங்கி வீட்டுக் கணினிகளுக்கான துடுப்பாட்ட விளையாட்டுகள் வெளிவந்தன. பொத்தத்தின் பெயரில் வந்ததை டைன்சொஃப்ட் நிறுவனமும், கூச்சின் பெயரில் வந்ததை ஓடியோஜெனிக் நிறுவனமும் வெளியிட்டன. லயங்கள் பலவற்றிலே மின்விளக்கும் இல்லாத அக்காலத்தில், இத்தகைய பெட்டியை ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகள் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள். ஆனால் அதன் உள்ளே நிகழ்ந்ததை அவர்கள் அறிவர். எவ்வாறெனச் சொல்கிறேன்.

ஸ்பெக்ட்ரம் கணினியின் பெரிய வகைக்கு நினைவகம் 48 கிலோபைற்று. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட அதனுள் அடக்க முடியாது. ஆட்டம் ஒலிநாடாவிலே பதியப்பட்டிருக்கும். பாட்டுக் கேட்கும் சாதாரண ஒலிநாடாக் கருவியைக் கணினியோடு இணைத்தால், கீச்சென்ற ஒலியோடு சில நிமிடங்களில் ஆட்டம் உள்ளே ஏறும். திரையிலே குறுக்காக 256 புள்ளிகள், நெடுக்காக 192 புள்ளிகள், அவ்வளவே. எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு நிறங்களே இடம்பெறலாம். ஆதலால் பச்சைத் தரையிலே வெள்ளுடை வீரர் ஓடினால், ஒருவர் நிறம் மற்றொருவரோடு கலந்து தோன்றும். பார்ப்பவரே தம் கற்பனையால் ஆளையும் பந்தையும் நிறைவு செய்துகொள்ள வேண்டும். வானொலியிலே நேர்முக வருணனை கேட்டுப் பழகியோர்க்கு இது புதிதன்று.

இனி, ஆட்டமிழப்பைக் கணினி எங்ஙனம் தீர்மானிக்கின்றது என்று பார்ப்போம். அதற்குப் புரட்டுவதற்குப் புத்தகம் இல்லை. ஆகவே எண்ணைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஸ்பெக்ட்ரம் கணினியின் பேசிக் மொழி கையாண்ட வழி மிக எளியது. முன்பு வந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி, 75ஆல் பெருக்கி, 65,537ஆல் வகுத்து, மீதியிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கிடைப்பதே அடுத்த எண். இவ்வாறு 65,536 எண்கள் ஒழுங்கற்றவை போல வந்து, பின்னர் அதே வரிசை மீளவும் தொடங்கும். அடிக்கடி விரித்த புத்தகம் பழகிய பக்கத்திலேயே திறந்துகொள்வது போல, கணினிக்கும் ஒரு பழக்கம் உண்டு என்றே கொள்ளலாம்.

புத்தகக் கிரிக்கெட்டிலே ஐந்து இலக்கங்களில் ஒன்று ஆட்டமிழப்பு. எனவே சராசரியாக ஐந்து பந்துக்கு ஒரு விக்கட் விழும். மெய்யான ஆட்டம் அப்படியன்று. மலையகத்தோடு தொடர்புடைய பெரு வீரர் ஒருவரையே உதாரணமாகக் கொள்வோம். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டிலே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். பேரனார் டெஸ்ட் ஆட்டங்களில் 44,039 பந்துகளை வீசி, 800 விக்கட்டுகளை வீழ்த்தி, 2010ஆம் ஆண்டு காலியில் ஓய்வு பெற்றார். வகுத்துப் பார்த்தால், ஏறத்தாழ 55 பந்துக்கு ஒரு விக்கட். உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளருக்கே கணக்கு இதுதான்.

இதனைக் கணினிக்குச் சொல்லிக் கொடுப்பது கடினமன்று. சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண்ணை எடு. அது ஐம்பத்தைந்தில் ஒரு பங்கைவிடச் சிறிதானால் ஆட்டமிழப்பு. இல்லையேல் ஓட்டத்தைக் கணக்கிடு. இதன்மேல் துடுப்பாட்டக்காரரின் திறமை, ஆடுகளத்தின் தன்மை, பந்தின் தேய்வு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். கணித ஆசிரியர் ஒருவர் நிகழ்தகவு என்று கரும்பலகையில் எழுதும் பாடமும் இதுவே. விளையாட்டின் வழியே வந்தால், அப்பாடத்தை எந்தப் பிள்ளையும் மறவாது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். அது 'பேர்' என்னும் சொல். தோட்டத்திலே அதற்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் உழைப்புச் செக்றோலில் பதியப்படுவதே பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். இவ்வாறு நாள்தோறும் பேர் பதியப்பட்ட மக்களிற் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் இந்நாட்டுக் குடிகள் என்னும் பேரை இழந்தனர். தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்க்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் சட்டமே. பதிவேடு என்றால் அஞ்சவும் பழகிய சமூகம் இது. நமது பிள்ளைகள் தம் பெயரைத் தாமே பதியும் ஏடொன்று வேண்டாமா?

அது பெரிய ஏடாக இருக்க வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலை ஒன்றின் துடுப்பாட்ட ஓட்டப்பதிவேடு போதும். ஒரு பருவத்து ஆட்டங்களைப் பந்துக்குப் பந்து குறித்து வைக்கட்டும். யார் எத்தனை பந்து ஆடினார், எத்தனை ஓட்டம் பெற்றார், யாருடைய பந்துக்கு எத்தனை விக்கட் என்று பிள்ளைகளே சராசரி காணட்டும். இதற்குக் கணினி வேண்டியதில்லை. கொப்பியும் பென்சிலும் போதும். பின்னர், பாடசாலையிலோ நூலகத்திலோ கிடைக்கும் ஒரு கணினியிலே, அவ்வெண்களைக் கொண்டு நூறு வரி அளவில் சிறு ஆட்டம் ஒன்றை ஆக்கட்டும். அன்று பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த அறிவு இன்று மலையேறி வந்திருக்கின்றது. 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கின்றது. அங்கே கணினியியலும் கற்பிக்கப்படுகின்றது.

இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட ஆட்டம் நம் நிலத்தை அறியாது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் பெருமழை பெய்வதும், ஜூலை முதல் செப்டெம்பர் வரை உலர்ந்த காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு மணம் ஊட்டுவதும் அதற்குத் தெரியாது. சரிவிலே உருண்ட பந்துக்கு எத்தனை ஓட்டம் என்பதும் தெரியாது. இவற்றையெல்லாம் அறிந்தவர் நம் பிள்ளைகளே. மழை விதியை அவர்கள் எழுதட்டும். சரிவின் விதியையும் அவர்களே எழுதட்டும். முதல் துடுப்பாட்டக்காரர் என்னுமிடத்திலே, பொத்தம் என்றும் கூச் என்றும் இருந்த இடத்திலே, தம் லயத்துத் தோழன் பெயரையும் தோழியின் பெயரையும் தமிழிலே எழுதட்டும். பிறர் ஆக்கிய ஆட்டத்தை ஆடுவது இன்பம்; தாம் ஆக்கிய ஆட்டத்தைப் பிறர் ஆடக் காண்பது அதனினும் பேரின்பம்.

ஆகவே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, அடுத்த முறை மழையினால் ஆட்டம் நின்று, உங்கள் பிள்ளை பாடப்புத்தகத்தை விரித்துப் பக்க எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால், படிப்பைக் கெடுத்துக்கொள்கின்றான் என்று கடிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "ஐந்து பந்துக்கு ஒருமுறை ஏன் ஆட்டமிழக்கின்றாய்?" என்று கேளுங்கள். விடையை அவனே கண்டுகொள்வான். கண்டுகொண்ட நாள், அவனுக்கு முழுப்பேர் கிடைத்த நாளாகும்.