வாய்தாவும் நீதியும்

குடந்தைப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டது 2004 ஜூலை 16ஆம் நாள். தஞ்சை நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை 2012இல்தான் தொடங்கிற்று. தீயன்று எட்டு வயதாயிருந்த குழந்தைக்கு அப்பொழுது பதினாறு வயது! தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30ஆம் நாள்.

தாமதத்திற்குக் காரணம் யாது? குற்றம் சாட்டப்பெற்றோர் பலராயின், தம்மை விடுவிக்குமாறு ஒவ்வொருவரும் மனுச் செய்யலாம், மேல்மன்றமும் செல்லலாம். அஃது உரிமையே. ஆயினும் ஒருவர் மனு ஏனையோர் விசாரணையையும் நிறுத்திவிடக்கூடும். பிறகு, வழக்கறிஞர் வரவில்லையென்று வாய்தா. வந்த சாட்சியைத் தக்க காரணமின்றி விசாரியாது அனுப்பலாகாது என்பதே சட்டம்.

தாமதத்தால் சாட்சியின் நினைவு மங்கும், குற்றவாளி பிழைப்பான். குற்றமற்றவனுக்கோ காத்திருத்தலே தண்டனை. இவ்வழக்கில் பதின்மர் தண்டனை பெற்றனர்; 11 பேர் விடுதலையாயினர். அவர்களும் பத்தாண்டு காத்திருந்தனர். வாய்தா வேண்டுவோர் இருசாராரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.