பெயில் ஆனால் பெயரை நீக்கிவிடுவார்களா?



போன வாரம் பாடம் முடிந்ததும் ஒரு அக்கா என்னிடம் வந்தார். அவர் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை செய்கிறார். மகன் மத்திய அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். "ஐந்தாம் வகுப்பில் பெயில் போடுவார்களாமே. பெயில் ஆனால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் என் கதை. நான் ஐந்தாம் வகுப்பில் பெயில். அந்தக் காலத்தில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு தாள் ஒட்டுவார்கள். அதில் பெயர் இருந்தால் பாஸ். என் பெயர் இல்லை. எதில் குறை? கணக்கிலா, தமிழிலா? யாரும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. மறுநாள் என்னை ஆடு மேய்க்க அனுப்பினார். சின்னப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார எனக்கும் வெட்கம். திரும்பப் புத்தகத்தைத் தொட்டபோது எனக்கு வயது முப்பது. உங்களைப் போலத்தான் நானும்.

இப்படிப் பிள்ளைகள் நின்றுபோகக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு விதி வைத்தார்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது. பள்ளியை விட்டு நீக்கவும் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

ஊரில் இதை 'ஆல் பாஸ்' என்றார்கள். ஆனால் சட்டம் பிள்ளையைச் சும்மா தள்ளிவிடச் சொல்லவில்லை. ஆசிரியர் ஆண்டு முழுவதும் பிள்ளைக்கு என்ன வருகிறது, என்ன வரவில்லை என்று பார்க்க வேண்டும். வராததைச் சொல்லித்தர வேண்டும். பல இடங்களில் இது நடக்கவில்லை. எட்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. பெற்றோர் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயம்தான்.

2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஐந்திலும் எட்டிலும் ஆண்டு இறுதியில் தேர்வு உண்டு. தேறாத பிள்ளைக்குக் கூடுதலாகப் பாடம் நடத்த வேண்டும். இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்க வேண்டும். அதிலும் தேறாவிட்டால் நிறுத்தலாமா? அதை அந்தந்த அரசே முடிவு செய்யலாம். சில மாநிலங்கள் நிறுத்துகின்றன. சில மாநிலங்கள் நிறுத்துவதில்லை. தமிழ்நாட்டில் இந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள்.

2024 டிசம்பரில் மத்திய அரசு புதிய விதி போட்டது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளில் மறுதேர்விலும் தேறாத பிள்ளை அதே வகுப்பில் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதாக இருக்கக் கூடாது. நின்றுவிட்ட பிள்ளைகளின் பட்டியலைத் தலைமை ஆசிரியர் வைத்திருக்க வேண்டும். வகுப்பாசிரியர் பிள்ளைக்கு வழிகாட்ட வேண்டும். தேவைப்பட்டால் பெற்றோருக்கும் வழிகாட்ட வேண்டும்.

அக்கா கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். டி.சி. கொடுத்து அனுப்ப முடியாது. எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையின் பெயரையும் நீக்கக் கூடாது. அந்த விதியை யாரும் மாற்றவில்லை.

நிறுத்துவது நல்லதா, தள்ளிவிடுவது நல்லதா என்று பெரியவர்கள் வாதம் செய்கிறார்கள். சொல்லித்தராமல் நிறுத்தினால் அதே பாடம் அதே பிள்ளைக்கு மறுபடியும் புரியாது. அதனால் பள்ளிக்குப் போனால் "பாஸா, பெயிலா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என் பிள்ளைக்கு எது வரவில்லை? எப்போது சொல்லித்தருவீர்கள்?" என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்குப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அங்கேயும் கேட்கலாம்.

அந்த அக்கா நேற்றுப் பள்ளிக்குப் போய்க் கேட்டாராம். பையனுக்குப் பின்னக் கணக்கு வரவில்லை என்று டீச்சர் சொன்னாராம். மதிப்பெண் அட்டையை நீட்டியபோது டீச்சர் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தாராம். அக்கா அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனா கேட்டாராம்.